லீக்ஸுக்கு ஒரு தனிச் சட்டி



ஞாயிற்றுக்கிழமை பிரைட் ரைஸ் என்று முடிவானால்தான் நம்மில் பலருக்கு லீக்ஸ் ஞாபகம் வருகிறது. கரட் கால் கிலோ, கோவா பாதி, லீக்ஸ் ரெண்டு தண்டு என்று துண்டில் எழுதிக் கொடுத்து விடுகிறோம். ஒரு தண்டு சோற்றுக்குள் போகிறது. மற்றது ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கிடந்து, நுனி மஞ்சளித்து, அடுத்த கிழமை குப்பைக் கூடைக்குப் போகிறது. சமைத்த தண்டிலும் வெள்ளைப் பகுதியை மட்டும் அரிந்து எடுத்துக்கொண்டு பச்சை இலையை வெட்டி எறிகிற வீடுகள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியதில் பாதிக்கு மேல் அந்த இலைதானே?

இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிழமையில் ஒரு நாள் லீக்ஸுக்கென்று அடுப்பில் தனிச் சட்டி வையுங்கள். பிரைட் ரைஸுக்கும் கொத்து ரொட்டிக்கும் போனது போக, சோற்றுக்குப் பக்கத்தில் அது ஒரு கறியாகவும் வரட்டும்.

இவ்வளவு பிரச்சினைகள் இருக்க, லீக்ஸுக்கு ஒரு பக்கமா என்று கேட்பீர்கள். மத்தியானம் என்ன கறி என்பதும் பிரச்சினைதான். தினமும் காலையில் அதற்கு விடை கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது தெரியும். படுவான்கரையில் நெல் விளைகிறது, வாவியில் மீன் கிடைக்கிறது. அதனால் நம் கோப்பையில் சோறும் மீன்கறியும் தாராளம். மரக்கறிதான் ஓரத்தில் ஒரு கரண்டி. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை எட்ட முடியுமா? சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கும் ஒருவராவது இல்லாத வீடு நம் தெருவில் எத்தனை? சோற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க, ருசியான மரக்கறி வேண்டும். ருசி இல்லையென்றால் எந்த அறிவுரையும் இரண்டு நாள் தாங்காது.

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளைக்குத் திரும்பும் வீதியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேராதனையில் தொடங்கும் ஏ5 நெடுஞ்சாலை நுவரெலியா, வெலிமடை, பதுளை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி நம் செங்கலடியில்தான் முடிகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவையும், உப்புக் காற்று வீசும் நம் கரையையும் ஒரே வீதி தொடுக்கிறது. லீக்ஸ் எல்லாம் இந்த வழியாகவே வருகிறது என்று சொல்லவில்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றி வருவதும் உண்டு. ஆனால் எந்த வழியாக வந்தாலும் அது பிறந்தது மலையில். நம்முடைய மணலும் வெயிலும் அதற்கு ஒத்துவராது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் பயிர்களை அந்தக் குளிருக்குள் கொண்டுவந்து முயன்று பார்த்தார்கள். அப்படித் தொடங்கிய மலைநாட்டு மரக்கறிச் செய்கையை இன்று தாங்கி நிற்பவர்கள், சரிவுகளில் பாத்தி கட்டும் சிங்கள, மலையகத் தமிழ்க் குடும்பங்கள்.

நாற்று மேடையில் விதை விழுந்ததிலிருந்து பிடுங்கும் வரை லீக்ஸுக்கு நாலைந்து மாதம் வேண்டும். கீரை போல மூன்று கிழமையில் காசாகிற பயிரில்லை. இடையில் ஒரு பெருமழை வந்தால் அத்தனை உழைப்பும் போய்விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியாவிலும் பதுளையிலும் மண் சரிந்து வீதிகள் அறுந்தன, தோட்டங்கள் போயின, உயிர்களும் போயின. 1978 நவம்பர் 23 இரவு நம் ஊர்க் கூரைகளையும் தென்னைகளையும் சூறாவளி கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வேதனை நமக்குப் புதிதல்ல. மலையில் நடப்பது நம் சந்தைக்கு வந்துசேர நாளாவதுமில்லை. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கிறதா? அப்படி வருகிற பொருளில் பாதியை வெட்டி எறிய மனம் வரலாமா?

ஐரோப்பியச் சமையல் புத்தகங்கள் வெள்ளைத் தண்டை எடுத்துக்கொண்டு பச்சையை சூப்புக்குத் தள்ளிவிடச் சொல்லும். அவர்களுடைய லீக்ஸ் தடித்தது. வேரடியில் உயர மண் அணைத்து, வெயில் படாமல் தண்டை நீளமாக வெளுக்கச் செய்து வளர்ப்பது. நம் சந்தைக்கு வருவதோ மெலிந்த தண்டும் நீண்ட இலையும் கொண்டது. இங்கே இலையை விட்டால் மிச்சம் என்ன? அதுவும், கண்ணுக்கு நல்ல கரோட்டின் சத்து, விட்டமின் கே எல்லாம் வெள்ளையைவிடப் பச்சையில்தான் அதிகம். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் மட்டும் பச்சை இலைகளைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தண்டைக் கையால் பிடித்துப் பாருங்கள். விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் பென்சில் போல உருண்டையாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் அது பூக்கத் தொடங்கிய தண்டு. அந்த நடுக்குச்சி எவ்வளவு அவித்தாலும் மெதுவாகாது. மெல்லிய தண்டுகளே சுண்டலுக்கு நல்லது. வீட்டுக்கு வந்ததும் பழைய பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பால், தயிர்ச் சட்டி பக்கத்தில் வேண்டாம், மணம் ஏறிவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வேர்ப்பக்கம் ஒரு அங்குலத் தண்ணீரில் நிற்க வைத்தால் இரண்டு மூன்று நாள் வாடாது.

லீக்ஸ் பிடிக்காது என்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால், ஒன்று மண் கடிபடுகிறது என்பார்கள். அல்லது வழுவழுவென்று வருகிறது என்பார்கள். இரண்டுமே லீக்ஸின் குற்றமில்லை.

மண் அணைத்து வளர்ப்பதால் ஒவ்வொரு இலை மடிப்புக்குள்ளும் மண் போய்விடுகிறது. முழுத்தண்டைக் குழாயடியில் பிடித்தால் வெளியே மட்டும்தான் கழுவுப்படும். வேர்ப்பக்கம் அறுந்து போகாமல் தண்டை நீளவாக்கில் பிளந்து, இலைகளை விரித்து, ஒரு பேசின் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பிறகு லீக்ஸைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுங்கள். பேசினைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலைமேலேயே விழும். தண்ணீர் தெளிவாகும் வரை இரண்டு மூன்று முறை. மேலே சுற்றியிருக்கும் முதல் இலையைக் கழற்றி விடுவது நல்லது. மருந்து தெளித்திருந்தால் அதிகம் பட்டிருப்பது அதில்தான்.

வழுவழுப்புக்கு வருவோம். பச்சை இலையைப் பிய்த்தால் உள்ளே பசை போன்ற நீர் தெரியும். மூடி போட்டு, தண்ணீர் ஊற்றி, நெருப்பைக் குறைத்து வேக விட்டால் அந்தப் பசை முழுவதும் சட்டிக்கு வந்துவிடும். நிறமும் மங்கிப்போகும். ஆகவே தாச்சி நன்றாகச் சூடேற வேண்டும், மூடி கூடாது, தண்ணீர் ஒரு துளியும் கூடாது. அரிந்த லீக்ஸை ஈரம் வடியவிட்டுத்தான் போட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். 2022இல் கேஸ் வரிசையில் நின்ற ஞாபகம் யாருக்கு மறக்கும்? ஐந்து நிமிடத்தில் வேகிற கறி என்பது சின்ன விஷயமில்லை.

முதலில் சுண்டல். லீக்ஸை எவ்வளவு மெல்லியதாக அரிய முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரியுங்கள். தாச்சியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கடுகு வெடித்ததும், சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை. வெங்காயம் வாடியதும் லீக்ஸின் வெள்ளைப் பகுதியை முதலில் போட்டு இரண்டு நிமிடம் கழித்துப் பச்சையைப் போடுங்கள். மஞ்சள் கால் தேக்கரண்டி, உப்பு. இலை வதங்கி நிறம் பளிச்சென்று ஏறுகிற நேரத்தில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் ஒரு தேக்கரண்டி மாசித்தூளும் போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். புளி பட்டுக் கொதித்தால் பச்சை பழுப்பாகிவிடும். தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்திலிருந்து எல்லோரும் எண்ணிப் பார்த்துத்தான் திருவுகிறோம். இந்தச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ குறைந்தாலும் ருசி குறையாது. மரக்கறி நாளென்றால் மாசியை விட்டுவிட்டு, வறுத்த கச்சானை இடித்துத் தூவுங்கள். விரதத்துக்கு வெங்காயம், உள்ளி சேர்க்காத வீடுகளில் லீக்ஸும் ஆகாது. அதுவும் அதே குடும்பம்தான்.

மீனும் லீக்ஸும் சேர்வது புதிய விஷயமில்லை. மோசேயோடு பாலைவனத்தில் நடந்த இஸ்ரவேலர், எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரியையும் லீக்ஸையும் வெங்காயத்தையும் உள்ளியையும் நினைத்து ஏங்கியதாக எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம்மிடம் கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாவி இருக்கிறது. அதில் இறால் இருக்கிறது. இனி என்ன யோசனை?

சின்ன இறாலே போதும். பெரியதன் விலைக்குப் போக வேண்டியதில்லை. உரித்து, முதுகு நரம்பை எடுத்து, மஞ்சள், உப்பு, கொச்சிக்காய்த்தூள் பிரட்டி வையுங்கள். எண்ணெயில் உள்ளி நாலு பல்லைத் தட்டிப் போட்டு, ரம்பை, கறிவேப்பிலை, வெங்காயம் வதக்கி, இறாலைப் போடுங்கள். இறால் விடுகிற தண்ணீர் வற்றும் வரை பொறுமை வேண்டும். அந்தத் தண்ணீர் இருக்கும்போதே லீக்ஸைப் போட்டால் எல்லாம் அவிந்துபோகும். வற்றி, எண்ணெய் பிரிந்து, இறால் சிவந்து சுருண்டதும் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிய லீக்ஸைப் போட்டு நெருப்பைக் கூட்டுங்கள். மூன்று நிமிடம். இறாலின் இனிப்பும் லீக்ஸின் இனிப்பும் சேர்ந்து வரும்போது தேங்காயும் வேண்டாம், மசாலாவும் வேண்டாம். வெறும் சோறும் ஒரு பருப்பும் இருந்தால் அன்றைய மத்தியானம் முடிந்தது. உரித்த தலையையும் கோதையும் எறியாமல் அவித்து வடித்து வையுங்கள், சொல்கிறேன்.

இறால் கிடைக்காத நாளில் கூனி இருக்கிறதே. கூனியை மண் போக அலசி, வெயிலில் உலர்த்தி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தனியே எடுத்து வைத்து, லீக்ஸ் வதங்கியதும் கடைசியில் சேர்த்தால் மொறுமொறுப்புக் கெடாது. நெத்தலிக் கருவாட்டுக்கும் இதே முறை. மாதக் கடைசியில், சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, கைகொடுக்கிற கறி இது. கருவாட்டில் உப்பு இருப்பதால் லீக்ஸுக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் விட அதிகம் பரிந்துரைப்பது பாலாணம். இதற்குத்தான் வெள்ளைத் தண்டு. விரல் நீளத் துண்டுகளாக வெட்டிய தண்டையும், இரண்டு உருளைக்கிழங்கையும், வெங்காயம், பிளந்த பச்சைக் கொச்சிக்காய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள், ரம்பையோடு சட்டியில் வைத்து, இரண்டாம் பாலில் அவிய விடுங்கள். இறால் கோது அவித்த தண்ணீர் இருந்தால் அதில் ஒரு கோப்பையை இதில் ஊற்றுங்கள்; வித்தியாசம் முதல் கவளத்திலேயே தெரியும். கிழங்கு அவிந்ததும் அகப்பையால் ஒரு துண்டை மசித்துவிட்டால் ஆணம் தடிக்கும். முதற்பாலை விட்டு, நுரை கட்டும்போது இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். சுண்டலுக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே தண்டு குழைய வேண்டும். அதற்கு இருபது நிமிடமும் மெல்லிய நெருப்பும் வேண்டும். லீக்ஸும் உருளைக்கிழங்கும் சேர்த்து சூப் வைப்பது பிரான்ஸில் வீட்டுக்கு வீடு உண்டு. துருக்கியில் லீக்ஸோடு கரட்டும் ஒரு பிடி அரிசியும் சேர்த்து ஒலிவ் எண்ணெயில் அவித்து, ஆறவிட்டு, தேசிக்காய் பிழிந்து உண்கிறார்கள். வேல்ஸ் நாட்டுக்கு லீக்ஸ் தேசிய அடையாளமே. மார்ச் 1ஆம் திகதி அவர்களுடைய புனித தாவீது நாளில் அதைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அவர்களிடம் தேங்காய்ப்பால் இல்லை என்பது மட்டுமே குறை.

பருப்போடும் போகும். மைசூர்ப் பருப்பு அவிந்து வருகிற நேரத்தில் அரிந்த பச்சை இலை ஒரு பிடி போட்டு, மேலே செத்தல் கொச்சிக்காயும் உள்ளியும் தாளித்து ஊற்றினால் போதும்.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது? வெங்காயத்தைக்கூட விரலால் பொறுக்கி ஓரத்தில் வைக்கிற பிள்ளையை லீக்ஸ் தின்னச் சொல்லி வற்புறுத்தி யாருக்கும் லாபமில்லை. தேங்காய்ப்பூ ரொட்டிக்குக் குழைக்கும் மாவில் பொடியாக அரிந்த லீக்ஸைச் சேர்த்துச் சுடுங்கள். சுடச்சுடக் கொஞ்சம் பட்டர் தடவிக் கொடுங்கள். முட்டைப் பொரியலிலும் அப்படியே: லீக்ஸைத் தனியே ஒரு நிமிடம் வதக்கி, காரம் போன பிறகு அடித்த முட்டையை அதன்மேல் ஊற்றுங்கள். வதக்காமல் பச்சையாகக் கலந்தால் பிள்ளைக்கு உறைக்கும். இரண்டாம் முறை வாயைத் திறக்காது. பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கவும் இந்த இரண்டும் நல்லது.

நோன்பு மாதத்தில் ரோல்ஸ், கட்லட் செய்கிற வீடுகளுக்கு லீக்ஸைப் பற்றி நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. மீனும் கிழங்கும் சேர்ந்த உள்ளீட்டுக்கு லீக்ஸ் எவ்வளவு அவசியம் என்பது காத்தான்குடி, ஏறாவூர் அடுப்படிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவித்துத்தான் சேர்க்க வேண்டும் என்பதையும் நினைவூட்ட வேண்டியதில்லை. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் உண்ட மணத்தோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்ற நபிமொழி அறியாதவர்களா அவர்கள்? நெருப்பில் பட்டால் அந்தக் காரமும் மணமும் அடங்கிவிடும். சாலட்டில் பச்சையாகச் சேர்க்க விரும்புகிறவர்கள் வெள்ளைத் தண்டை மெல்லியதாக அரிந்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிசறிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நுனியில் தடித்த இலை கொஞ்சம் மிஞ்சும். அது சுண்டலுக்கு ஆகாது, நாராக நிற்கும். கோழி எலும்போடு, மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு, ஒரு மணி நேரம் அவித்து வடித்துக் குடியுங்கள். மாரி மழையில் தடிமன் பிடித்த வீட்டில் அந்த ரசத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கும்.

வெட்டிய வேரடியை, ஒரு அங்குலம் தண்டோடு, சிரட்டையில் மண் போட்டு நிழலில் நட்டு வையுங்கள். நம் வெக்கைக்கு அது திரும்பவும் தண்டாகத் திரளாது. ஆனால் நடுவிலிருந்து இளம் இலை வரும். முட்டைப் பொரியலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு லீக்ஸ் கறியை எழுதி அனுப்புங்கள். மண்டூரில் எப்படி, வாழைச்சேனையில் எப்படி, மலையகத்திலிருந்து வந்து நம் மாவட்டத்தில் வேர்விட்ட குடும்பங்களில் எப்படி என்று அறிய ஆவல். அவர்களுக்குத்தான் அது பிறந்த மண்ணிலேயே அறிமுகம்; அவர்கள் கைப்பக்குவம் முதலில் வரட்டும். ஒரு வேண்டுகோள்: உப்பு, தூள் எல்லாவற்றையும் தேக்கரண்டிக் கணக்கில் எழுதுங்கள். ‘தேவையான அளவு’ என்றால், புதிதாக அடுப்படிக்கு வந்த பிள்ளை என்ன செய்யும்? எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் அப்படியே போட வசதி.

அன்புடன்,
ஆசிரியர்